மாத்திரை மட்டும் போதுமா?

மருந்துக்கு மசியாத காசநோய்க்குச் சரியான மாத்திரை கிடைத்தால் போதும், மனநல ஆதரவு கூடுதல் வசதிதான் என்கிறது ஒரு வாதம். அதை நான் ஏற்கவில்லை; காரணங்கள் மூன்று.

ஒன்று: மாத்திரையே மனத்தைத் தாக்குகிறது. இந்நோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரின் மனச்சோர்வையும் மனப்பிறழ்வையும் உண்டாக்கலாம். காதில் குரல் கேட்கிறது என்பவரிடம் "மாத்திரையை விட்டுடாதீங்க" என்றால் தீர்ந்ததா?

இரண்டு: பெருவின் லிமாவில் இந்நோயாளிகளுக்கு மனநலச் சிகிச்சையும் சேர்த்துத் தரப்பட்டது. மனநலப் பாதிப்பு வந்தவர்களிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் சைக்ளோசெரினைத் தொடர முடிந்தது. அங்கே மாத்திரையைக் காப்பாற்றியது எது?

மூன்று: 6 மாத பிபால்எம் (BPaLM) மருந்துத் தொகுப்பு வந்துவிட்டதே என்பார்கள். அதில் சைக்ளோசெரின் இல்லை, உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலில் 14 வயது நிரம்பாதவர்களுக்கும் மூளைக் காசநோயாளிகளுக்கும் அது பரிந்துரைக்கப்படவில்லை. பெறுபவர்களுக்கும் அதிலுள்ள லினசோலிடால் பாதம் எரியலாம், மரத்துப்போகலாம். அதோடு, நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கும் வீடு 6 மாதத்தில் மாறிவிடுமா?