எழுதுவோர் நாம், ஏடு யாருடையது?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி நோக்கி வரும் அன்பர்களுக்கு மண்டகப்பட்டுக் குடைவரையில் நாம் முதலிற் காட்டுவது அங்குள்ள கல்வெட்டையே. செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகிய எதுவுமின்றி இக்கோயிலை எடுப்பித்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெருமையுடன் பொறித்து வைத்தான். பாறையைக் குடைந்த தச்சர் ஒருவரின் பெயரேனும் அதில் இல்லை. எழுத்து அன்று ஆணையிட்டவன் வசமிருந்தது. உளி பிடித்தவன் வசமில்லை.

அந்நிலை இன்று மாறிவிட்டது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் செம்மொழி மாநாட்டோடு இணைந்து நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் வலைப்பூ, விக்கிப்பீடியா முதலியன அறிஞர்களின் உரைப்பொருள்களாயின. படிப்பவரே எழுதுவதும், பார்ப்பவரே படமெடுத்து இடுவதும் ஆகிய இவ்வழக்கத்தைப் ‘பயனர் ஆக்கம்’ என்பர். அம்மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசும் தமிழ் விக்கிப்பீடியரும் கல்லூரி மாணவருக்குக் கட்டுரைப் போட்டியும் நடத்தினர். நல்ல முயற்சியே. ஆயினும் கூட்டுறவாளராகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: எழுதுவோர் நாம் எனில், எழுதியது யார் கிடங்கில் சேருகிறது?

நெசவாளருக்கு இக்கேள்வி புதியதன்று. உழைப்பு நம்முடையதாகவும், நூலும் சந்தையும் மாஸ்டர் வீவருடையதாகவும் இருந்த காலத்தின் இன்னலே நம்மைச் சங்கம் காணச் செய்தது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அதன்பொருட்டே. முகநூலில் நாம் இடும் படமும் எழுத்தும் நமக்கே உரியன என்று அந்நிறுவனத்தின் விதிகள் கூறுகின்றன. ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் உரிமத்தைக் கட்டணமின்றி அதற்கு அளித்துவிடுகிறோம். விளம்பர வருவாயும் அதற்கே. கடை மூடப்பட்டால் சரக்கின் கதி யாது? ஆர்க்குட் 2014-இலும், கூகிள் பிளஸ் 2019-இலும், யாகூ குழுமங்கள் 2020-இலும் மூடப்பட்டன. முன்கூட்டியே படியெடுத்து வைக்காதவர்களுடைய எழுத்துகள் பல மறைந்தே போயின. கல்வெட்டோ இன்றும் நிற்கிறது!

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இவற்றினின்று வேறானது. நன்கொடையால் நடப்பது, விளம்பரமற்றது, முழுவதையும் எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அவர்கள் ஆரம்ப நாட்களில் ஏறக்குறையத் தனியொருவராகவே அதனைப் பேணி வளர்த்தார். கூட்டுறவின் சாயல் அதில் இருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். அங்கே இடுவதை எவரும், வியாபாரத்துக்குங்கூட, எடுத்தாளலாம். ஆகவே இன்னும் சந்தைக்கு வராத புதுக் கரை மாதிரியை அங்கே இடுவது பேதைமை. (வாட்ஸ்அப்பில் இடுவதும் அவ்வாறே, கைமாறிப் போவதற்கு ஒரு நாழிகை போதும்.) மற்றொன்று, அச்சில் வந்த ஆதாரமின்றி அங்கே எதுவும் எளிதில் நிலைபெறாது. ஐம்பது ஆண்டுகள் தறிக்குழியில் அமர்ந்தவர் தாம் அறிந்ததைச் சொன்னாலும், ‘சான்று எங்கே?’ என்று கேட்பர். அவ்விதியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதனால் விடுபட்டுப் போவது நம் போன்றோரின் அறிவே.

இவ்விடத்தில்தான் நம்முடைய இந்தச் சிறு ஏடு உதவக்கூடும். பாவுக்குக் கஞ்சி போடும் பக்குவம், மழைக்காலத்தில் அச்சிலும் விழுதிலும் நேரும் தொல்லை, கோர்வைக் கரை பிடிக்க இருவர் அமரும் முறை, மானாவாரி மணிலாவில் விதைக்கென ஒதுக்குவதைத் தெரிந்தெடுக்கும் வகை — இவை இங்கே பெயருடன் அச்சேறட்டும். மூலப்படி சங்கத்தில் இருக்கட்டும். எதனை உலகுக்குத் திறந்துவிடலாம், எதனை நமக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதை மகாசபை தீர்மானிக்கட்டும். திறந்துவிட்டதைச் சான்று காட்டி விக்கிப்பீடியாவில் எழுதும் வேலையை நம் வீட்டுப் பிள்ளைகள் செய்வார்கள்.

வரும் இதழ் முதல் இதற்கென இரண்டு பக்கம் ஒதுக்கக் கோருகிறோம். கோர்வை நெய்வோர் முதலில் எழுதட்டும். எழுதத் தயங்குவோர் சங்கத்துக்கு வந்து வாயாற் சொன்னாற் போதும். குமாஸ்தா எழுதி, படித்துக் காட்டி, அவர் பெயரையே இடுவார்.