தங்கக் காலணி சென்னைக்கு 3 முறை வந்தது. நம்ம ஆள் காலில் ஏறவில்லை!

கருவேப்பிலங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் கால்பந்துப் பேச்சு எடுத்தால் மெஸ்சி, ரொனால்டோ, எம்பாப்பே என்று வெளிநாட்டுப் பெயர்களாகத்தான் வரும். அதில் தப்பில்லை. ஆனால் நம் நாட்டிலேயே நடக்கிற போட்டியில் அதிக கோல் அடித்தவருக்கு வருஷா வருஷம் தருகிற தங்கக் காலணியும் வெளிநாட்டுக்காரருக்கே போகிறதே, அது ஏன்?

ஐ.எஸ்.எல். போட்டி 2014-ல் தொடங்கியது. 2025 வரை 11 சீசன். 11 முறையும் பரிசு வெளிநாட்டு வீரர்களுக்குத்தான். ஒரு இந்தியர்கூட வாங்கவில்லை!

இதில் 'சென்னையின்' அணிக்கு மட்டும் மூன்று. 2014-ல் பிரேசில்காரர் எலானோ 8 கோல். 2015-ல் கொலம்பியாவின் மென்டோசா 13. 2019-20-ல் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15. மூன்று முறையும் சென்னையில் கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. பீங்கான் சுடுகிற விருத்தாசலத்தில் வெளியூர்க் கோப்பையில் டீ குடித்த மாதிரிதான்!

முன்வரிசை யாருக்கு?

காரணம் ரகசியமல்ல. கோல் விழுந்தால்தான் வெற்றி. அதனால் அணி முதலாளிகள் பணத்தைக் கொட்டி வெளிநாட்டிலிருந்து ஃபார்வர்டு ஆட்டக்காரரைக் கொண்டு வருகிறார்கள். நம்ம பையன் தடுப்பு வரிசைக்குப் போகிறான், இல்லாவிட்டால் ஓரத்துக்கு. அதுவும் இல்லையென்றால் பெஞ்ச்.

ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் மைதானத்தில் இறங்கலாம். 2017-18-ல் அது 5 ஆனது. 2021-22 முதல் 4. எண்ணிக்கை குறைந்ததே தவிர, கோல் அடிக்கிற இடம் காலியாகவில்லை. 2024-25-ல் மொராக்கோவின் அஜராயி 23 கோல் போட்டுப் பரிசைத் தட்டிச் சென்றார்.

விளைவு என்ன? 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து விடைபெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். வயசு 40! அந்த சீசனில் அவர் அடித்தது 14 கோல். இந்தியர்களில் அவர்தான் முதல். சேத்ரிக்கு அது பெருமை, சரி. அவருக்குப் பின்னால் வரிசையில் ஆள் எங்கே?

கடலூர்ப் பெண்

பெண்கள் லீக்கில் கதை வேறு மாதிரி தொடங்கியது. 2018-19-ல் மணிப்பூர் பாலாதேவி 26 கோல் அடித்தார். 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. சும்மாவா?

அந்த வருஷம் கோப்பை மதுரை சேது அணிக்கு. அதில் ஆடியவர் நம் கடலூர் இந்துமதி கதிரேசன், நடுக்கள வீராங்கனை. பந்தை எடுத்துக் கொடுக்கிறவருக்குத் தங்கக் காலணி கிடையாதே!

அதற்குப் பிறகு அங்கேயும் நேபாளத்தின் சபித்ரா, கானாவின் அச்சம்பாங், உகாண்டாவின் ஃபாசிலா என்று வெளிநாட்டுப் பெயர்கள்தான் முதலிடத்தில்.

ஐரோப்பாக் கணக்கு

ஐரோப்பாவில் எல்லா கோலும் ஒரே விலை அல்ல. 1996-97 முதல் பெரிய லீக்கில் அடித்த கோலுக்கு 2 புள்ளி, அடுத்த நிலைக்கு ஒன்றரை. 2024-25-ல் போர்ச்சுகலில் 39 கோல் அடித்த யோக்கரெஸுக்கு 58.5 புள்ளி. ஸ்பெயினில் 31 அடித்த எம்பாப்பேக்கு 62. பரிசு எம்பாப்பேக்கு!

இங்கேயும் உள்ளூர்க்காரர் கோலுக்குக் கூடுதல் புள்ளி வைக்கலாம்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குப் புள்ளியைக் கூட்டி என்ன ஆகும்? நாளைக்கே 4 வெளிநாட்டவரை 2 ஆகக் குறைத்தாலும், அந்த இரண்டு பேரில் ஒருவர் முன்வரிசையில்தான் நிற்பார்.