மிதிவண்டியும் மலைவழியும்

மலைவழியிற் செல்வதற்கென்றே இக்காலத்தில் தனி மிதிவண்டிகள் செய்து விற்கின்றனர். பருத்த சக்கரங்களும், அதிர்ச்சி தாங்கும் விற்சுருள்களும் அவற்றில் உள்ளன. அவை நல்லனவே. ஆயினும், அத்தகைய வண்டி இல்லாதவன் கற்பாதையை நாடலாகாது என்னும் எண்ணமும் உடன் பரவி வருகின்றது. எளிய வண்டியே உடைய மாணவன் அதனைக் கேட்டு வீட்டில் இருந்துவிட வேண்டுமா?

1897 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு பயணத்தை நோக்குவோம். மொன்டானாப் பகுதியிலுள்ள மிசூலாக் கோட்டையிலிருந்து, 25 ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர் 20 பேர், லெப்டினன்டு ஜேம்ஸ் மாஸ் என்பாரின் தலைமையில், ஜூன் 14 ஆம் நாள் மிதிவண்டியேறிப் புறப்பட்டனர். நிறம் கருதி அம்மக்களைத் தாழ்த்திய காலம் அது. செயின்ட் லூயி நகரம் ஏறத்தாழ 1,900 மைல் தொலைவில் இருந்தது. வண்டிகளில் விற்சுருளும் இல்லை; பற்சக்கர மாற்றமும் இல்லை. கூடாரத்துணி, போர்வை, உணவு, துப்பாக்கி ஆகிய சுமை மட்டும் குறைவின்றி இருந்தது! மழை பெய்தால் சேறு சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும். வழி கெட்டவிடத்து, இருப்புப்பாதையின் குறுக்குக் கட்டைகள்மேல் உடல் குலுங்கச் சென்றனர். நெப்ராஸ்காவின் மணலிலோ மிதிக்க இயலவில்லை. கடும் வெயிலில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே நடந்தனர். உவர்நீர் பருகி நோயுற்றோரும் உளர். ஜூலை 24 ஆம் நாள் அந்நகரை அடைந்தனர்.

‘தள்ளிக்கொண்டு நடப்பது ஒரு பயணமா?’ என்பர் சிலர். இங்கிலாந்தில் 1955 இல் தோன்றிய கரட்டுவழி மிதிவண்டிக் கழகத்தார் அதனை இழிவாகக் கருதவில்லை. ஏறத்தக்க இடத்தில் ஏறினர். தகாத இடத்தில் வண்டியைத் தோளிற் சுமந்து கணவாய் கடந்தனர். காணவேண்டிய மலையைக் கண்டனர், வேறென்ன வேண்டும்?

விரைந்து இறங்குதல் வேறு. கலிபோர்னியாவின் டமல்பயஸ் மலைப்பகுதியில் 1970களில் இளைஞர் சிலர் பழைய வண்டிகளிற் செங்குத்தான சரிவுகளில் பாய்ந்திறங்கினர். பின்சக்கரத் தடையின் சூட்டினால் உள்ளிருந்த மசகு புகைந்து தீர்ந்தது. மீண்டும் மசகு அடைத்த பின்னரே அடுத்த முறை இறங்க முடிந்தது. மலைவண்டி பிறந்தது இத்தேவையாலேயே. ஆதலால் எளிய வண்டியிற் செல்வோன் அவ்விரைவை விரும்புதல் தவறு. அவன் தடைகளை முன்னரே ஆய்ந்துகொள்ளுதல் வேண்டும். ஈரம் பட்ட சக்கர விளிம்பைத் தடைக்கட்டை நன்கு பற்றாது. மழைநாளிற் சரிவு கண்டால் இறங்கி நடப்பதே தக்கது.