திறப்பு யார் கையில்?

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ ஒரு கிராமத்துக்குள் புதிதாகப் போகிறவர் வழி விசாரிக்க நிற்கும் இடம் பெரும்பாலும் அவ்வூர்ச் சனசமூக நிலையமாகவே இருக்கும். காலையில் நாலு பெரியவர்கள் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருப்பர். அடுத்த அறையில் பாலர் வகுப்பு நடக்கும். மாலையானால் மாணவர் வருவர்; கமக்காரர் கூட்டமும் அங்கேதான். இந்த நிலையம் எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்டால், ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒருவர் தமது காணியில் அரைப் பரப்பையோ ஒரு பரப்பையோ தருமசாதனமாக எழுதிக் கொடுத்தார். வெளியூரில் உத்தியோகம் பார்த்த மற்றொருவர் கூரைக்குப் பணம் அனுப்பினார். உள்ளூராட்சிச் சபை நிலையத்தைப் பதிவு செய்தது. கட்டிடமும் பத்திரிகையும் பாலர் வகுப்பும் பின்னால் வந்தவை. முதலில் வந்தது உறுதி.

இனிக் கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் ஏறிப் புசல்லாவைக்கு வருவோம். கம்பளைச் சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்த காலத்தைக் கணக்கிட்டு, 2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் தமது இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாகவே நடந்தும் காட்டினர். புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் வேர்ம்ஸ் சகோதரர் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை நாட்டியது 1841இல். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட 1867ஆம் ஆண்டுக்கு அது இருபத்தாறு ஆண்டுகள் முந்தியது. இத்தனை நீண்ட சரித்திரமுள்ள மண்ணில், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்த குடும்பங்களில் எத்தனை குடும்பத்துக்குத் தருமசாதனம் எழுதிக் கொடுக்க அரைப் பரப்பு நிலமாவது சொந்தமாக இருந்தது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்தின் முன்னால் கறிவேப்பிலை நட்ட மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். பக்தியோடு கட்டிய கோயிலுங்கூடத் தோட்டக் காணியிலேதான் நிற்கின்றது. பொது நிலையம் எங்கிருந்து வரும்?

“வராமலா இருக்கின்றது? தோட்டந்தோறும் மண்டபம் இருக்கின்றதே!” என்று சிலர் கேட்பர். இருக்கின்றது, மறுக்கவில்லை. தேர்தலுக்கு முந்திய மாதத்தில் அத்திவாரக்கல் நாட்டி, அமைச்சரின் பெயரைச் சலவைக்கல்லிற் பொறித்துத் திறந்துவைத்த மண்டபங்கள் மலைநாடெங்கும் உண்டு. அவற்றிற் பல, திறப்பு விழாவுக்குப் பிறகு திறக்கப்பட்ட நாட்கள் சிலவே. ஒன்றின் திறப்பு தோட்டக் காரியாலயத்தில் தொங்கும். மற்றொன்றின் திறப்பு தொழிற்சங்கத் தலைவரின் மடியில் இருக்கும். அவருடைய சங்கத்துக்குச் சந்தா கட்டாதவன் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் கேட்டுப்பார்க்கட்டும், என்ன பதில் வருகிறதென்று! திறப்பு எவன் கையில் இருக்கின்றதோ அவனுடையதே கட்டிடம். சலவைக்கல்லில் “மக்களுக்கு” என்று எழுதியிருப்பதனால் அது மக்களுடையதாகிவிடாது.

பொது நிலையம் ஒன்று தோட்டத்தில் எதற்காக வேண்டும்? பத்திரிகை படிக்கவும் கரம் ஆடவும் மட்டுமென்றால் நாம் இத்துணை வற்புறுத்த வேண்டியதில்லை. சட்டத்தொழில் செய்கின்ற எம்மிடம் மலையகத்தார் கொண்டுவரும் காகிதங்களைக் கண்டவர்களுக்கு இதன் தேவை விளங்கும். தகப்பன் பெயர் செக்ரோலில் ஒருவிதம். பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதம். சிங்களத்தில் எழுதி மீண்டும் தமிழுக்குத் திருப்பிய அடையாள அட்டையில் மூன்றாவது விதம். கறுப்பையா, கருப்பையா, கருப்பாயி என்று ஓர் ஆண்மகன் மூன்று ஆட்களாகி, அவர்களில் ஒருவர் பெண்ணாகியும் விடுகிறார்! சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்த மனிதர் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போகும்போது, மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். சத்தியக் கடதாசி, சமாதான நீதவானின் கையொப்பம், கம்பளைக்கு ஒரு பயணம், கண்டிக்கு மூன்று பயணம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு “பேர்” போய்விடும். ஒரு நாட் கூலியைப் “பேர்” என்றே குறிப்பது தோட்ட வழக்கு. பேரைத் திருத்தப் போய்ப் பேரை இழப்பதென்பது அங்கே சிலேடையன்று, அனுபவம்.

இவ்வேலையை வாரத்துக்கு ஒரு மாலை, சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர் தோட்டத்திலேயே இருந்து செய்துவிடலாம். வேண்டியதெல்லாம் ஒரு மேசை, ஓர் அலுமாரி, பூட்டில்லாத கதவு. அதே மேசையில் மற்றொரு மாலை சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அடுப்பும் கட்டிலும் பாட்டியின் இருமலும் இருக்க, பிள்ளை எந்த மூலையிற் புத்தகத்தை விரிக்கும்? புசல்லாவைச் சரஸ்வதி கல்லூரிக்கு மலை இறங்கிப் படிக்க வரும் பிள்ளைகளின் கெட்டித்தனத்தில் குறைவில்லை. பள்ளிவிட்டு வீடு திரும்பியபின் வெளிச்சமும் அமைதியும் உள்ள ஓரிடந்தான் இல்லை. கொழுந்து நிறுத்து முடித்து வரும் தாய்மார், கடன் கொடுக்க வரும் கம்பனிக்காரன் நீட்டும் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் அதை வாசித்துக்காட்ட ஓர் ஆளைத் தேடுகின்றனர். அதற்கும் அந்த மேசை உதவும்.

திறப்புக் கைமாறினால் என்ன நிகழும் என்பதற்குத் தோட்டப் பள்ளிக்கூடமே சாட்சி. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரை மீது சுமத்திற்று. தகுந்த பள்ளி அறையொன்றை ஒதுக்கிச் செப்பனிட்டு வைக்க வேண்டும் என்றும் விதித்தது. படித்த பிள்ளை கொழுந்து கொய்ய வராதே என்று அஞ்சுகிறவனிடமே பள்ளிக்கூடத்தின் திறப்பை ஒப்படைத்த சட்டம் அது! மடுவத்தின் ஒரு பக்கத்தில் ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதற்கு மேல் இல்லை. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அந்த மதிலுக்கு வெளியேதான் நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். அதன் பின்னரே மலையகத்தில் ஆசிரியர் பெருகினர்; பல்கலைக்கழகம் செல்வோர் தோன்றினர். பிள்ளைகளின் மூளை 1977இல் திடீரென்று வளர்ந்துவிடவில்லை. மாறியது திறப்பு வைத்திருந்த கைதான்.

பள்ளிக்கு ஒருவாறு விடிந்தது. பொது நிலையத்துக்கு விடியாமைக்குச் சட்டத்திலேயே காரணம் உண்டு. 1937இல் கிராமச் சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தனர். எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பத்து ஆண்டு கழித்துப் பாதிப்பாதியாக்கினர். பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டப்படி முடிந்ததாகச் சொல்லத்தக்க ஆண்டு 2003. இதற்கிடையில் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்தது. தோட்டம் தனியார் நிர்வாகத்துக்குட்பட்டதாகையால் சபைப் பணத்தை அதற்குள் செலவிட இடமில்லை என்று அச்சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே சபைகள் கையை விரித்தன. வாக்குக் கேட்க லயத்துக்கு வந்த உறுப்பினர், வென்றபின் தெருவிளக்குப் போடச் சட்டம் இடந்தரவில்லை என்றார். 2018இல் 30ஆம் இலக்கச் சட்டத்தால் அப்பிரிவு திருத்தப்பட்டது. தோட்டப் பகுதிக்கும் பொது வசதி செய்ய இப்போது சபைக்கு வழியுண்டு. வழி திறந்து இத்தனை ஆண்டாகியும் அதிலே நடந்தவர் எத்தனை பேர்?

தோட்டத்துக்குள் இடம் கிடையாத காலத்தில், வெளியே இடம் தேடியவர்கள் இருந்தார்கள். கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குட் புகுந்தார் என்பர். அந்நியர் அத்துமீறினாற் சிறை என்ற காலம் அது. 1972இல் யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டி நகரிற் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறித்தவரும் ஒரே கூரையின்கீழ் இருந்து தோட்டத்தாருக்கும் அயற்கிராமத்தாருக்கும் உழைத்தனர். அடுத்த இரண்டு ஆண்டிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவு விழுந்தபோது அதை ஊரறிய எடுத்துச் சொல்ல முடிந்தமைக்கு ஒரு காரணம், அந்த வீட்டின் திறப்பு எந்தத் துரையின் கையிலும் இல்லாமையே. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தில் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் உருவாகியதும் இவ்வழியில் வந்த முயற்சியே.

வடக்கிலுள்ள வாசகர் நினைவிற்கொள்ள வேண்டிய பெயர் காந்தியம். 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு ஓடிவந்த மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்தி, பாலர் பள்ளி வைத்து, மருந்து கொடுத்தவர்கள் அவ்வியக்கத்தார். அதை நடத்தியவர்கள் ஒரு கட்டிடக் கலைஞரும் ஒரு வைத்தியரும்: எஸ். ஏ. டேவிட், இராஜசுந்தரம். அரசியல்வாதிகளல்லர், உத்தியோகமும் தொழிலும் உடையவர். 1983இல் இருவரும் சிறைப்பட்டனர். வைத்தியர் இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியேறியிருந்த மக்கள் 1984இல் துரத்தப்பட்டனர். நிலத்தில் உரிமை உறுதிப்படாதவனுக்குச் செய்த தொண்டு ஒரே இரவில் அழிந்துபோகும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டுமா?

கடல் கடந்தும் ஓர் உதாரணம் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாற்றில் நகரில், மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் உண்டு. பழத்தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிக்கு உழைத்த மரபினர் அவர்களிற் பலர். நம் மலையகத்தாரைப்போலவே உழைப்புக்கு வேண்டப்பட்டவர், உரிமைக்கு வேண்டப்படாதவர். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த வகுப்புக்குப் பணம் 1972இல் நிறுத்தப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் பிள்ளை குட்டிகளோடு அவ்வாண்டு அக்டோபரில் மூடிக்கிடந்த பாடசாலை ஒன்றினுட் புகுந்தனர். ரொபேர்ட்டோ மயேஸ்தாஸ் என்ற ஆசிரியர் முன்னின்றார். குளிர்காலம், கட்டிடத்தைச் சூடாக்க வழியில்லை. மாதக்கணக்கில் அசையாமலிருந்தனர். ஈற்றில் ஆண்டுக்கு ஒரு டொலர் வாடகையில் கட்டிடம் அவர்களுக்குக் குத்தகையாயிற்று. எல் சென்ட்ரோ டி லா ராசா என்ற பெயரில் பாலர் பள்ளியும் உணவு உதவியும் வேலை தேடித் தருதலும் அங்கே வளர்ந்தன. 2016இல் அதே வளவில் 112 குடும்பங்களுக்கு வீடும் கட்டினர். இவ்வளவும் எழுத்திலே கிடைத்த குத்தகையின் மீது எழுந்தவை.

பூட்டை உடைத்து உட்புகச் சொல்லவில்லை. சட்டத்தொழில் செய்பவன் அதைச் சொல்லலாகாது. அதற்குத் தேவையுமில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப்பின் பெருந்தோட்ட நிலத்திற் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. கம்பனிகள் குத்தகைக்காரரே; 1992 முதல் 53 ஆண்டுக்கு, அதாவது 2045 வரை. வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் பிரித்துக் கொடுக்க இயலுமென்று அரசாங்கமே காட்டியிருக்கின்றது. பொது நிலையத்துக்கு இருபது பேர்ச்சஸ் பிரிக்க எந்தச் சட்டம் தடுக்கின்றது? தோட்டங்களில் இயங்காது நிற்கும் பழைய மடுவமும் காரியாலயமும் இல்லாமலில்லை. அவற்றில் ஒன்றைப் பதிவுபெற்ற சங்கத்துக்கு நீண்ட குத்தகையில் எழுதி, காணிப் பதிவகத்திற் பதியட்டும். சங்கத்தின் நிர்வாகத்திற் பாதி பெண்களாக இருக்கட்டும். கொழுந்து கொய்வோர் அவர்களல்லவா? எந்தத் தொழிற்சங்கத்தின் உத்தியோகத்தரும் தலைமைப் பதவி வகிக்கலாகாதென்று யாப்பில் எழுதட்டும். அயலிலுள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் வந்து படிக்கட்டும். தமிழை அதுவும், சிங்களத்தை எம்முடையதும் அங்கேயே கற்றால் கறுப்பையா மூன்றாக மாட்டார்.

“பிள்ளை பராமரிப்பு நிலையங்கள் நடத்துகிறோமே” என்று கம்பனிகள் சொல்லும். நல்லது, அங்குள்ள தாதிமார் உழைப்பையும் மதிக்கிறோம். ஆனால் அது தாய் வேலைக்குப் போவதற்காக வைத்தது. தாய் வேலை முடிந்து வரும்போது மூடிவிடும். புசல்லாவையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பசார் கண்டி மாவட்டத்தில். சற்றே மேலேறினால் நுவரெலியா மாவட்டம். இந்தச் சபையா, அந்தச் சபையா என்று மனுவைப் பந்தாடுவார்கள். ஆகவே இரு புறத்துச் சபைகளுக்கும் ஒரே நாளில் மனுக் கொடுத்து, இருவரிடமும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். 2025 மே மாதத்தில் தெரிவாகிய உறுப்பினர்கள் இருபக்கமும் இருக்கிறார்கள்; வாக்குக் கேட்டு அவர்கள் ஏறிய படிகள் லயத்தாருக்கு நன்றாகத் தெரியும்.

குத்தகை உறுதியை வரைவதற்குக் கண்டியிலும் கம்பளையிலும் உள்ள தமிழ் நொத்தாரிசுமார் கட்டணம் வாங்காது முன்வர வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் சனசமூக நிலையம் நடத்தும் பெரியவர்கள் தங்கள் யாப்பின் பிரதியொன்றையும், கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்த ஓர் இளைஞரையும் ஒரு மாதத்துக்கு மலைநாட்டுக்கு அனுப்பிவைக்கலாம். தோட்டத்தில் அவருக்குச் சாப்பாட்டுக்குக் குறைவிராது.