பீடியை விட்ட முதல் மூன்று வாரம்

நம் சங்கத்து நூல் கிடங்கின் வாயிலில் "இங்கே புகை பிடிக்கக் கூடாது" என்று எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. அதன் கீழேயே நின்று பீடி பற்ற வைக்கும் அங்கத்தினர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 22 ஆண்டுக் காலம் நானும் அப்படி நின்றவன்தான். ஆகவே உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. பலகை எழுதி மாட்டியதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதா என்று கேட்கும் உரிமை மட்டும் உண்டு என்று எண்ணுகிறேன். "புகையை விட்டுவிடு" என்று ஒருவருக்குச் சொல்வது எளிது. விட்ட பிறகு வரும் மூன்று நாட்களையும் மூன்று வாரங்களையும் அவர் எவ்வாறு கழிக்கிறார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலோர் தோற்றுத் திரும்புவது அங்கேதான்.

நான் விட நேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர் அனைவருக்கும் ஒரு விஷயம் தெரியும். புகையிலைத் தோட்டத்தை ஒட்டி மல்பெரி நடக் கூடாது. புழு வளர்ப்பு மனைக்குள் புகையிலையின் வாடையே ஆகாது. இலையில் நிகோடின் சிறிதளவு படிந்திருந்தாலும் புழு தலையைத் தூக்கித் தத்தளிக்கும். வாயால் நீர் கக்கி மடிந்துபோகும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் தகப்பன்மார் புகையிலையை ஒரு நாள் முழுதும் நீரில் ஊற வைத்து, சோப்புக் கரைசலும் சேர்த்து, அசுவினிக்குத் தெளித்தார்கள் அல்லவா? பூச்சியைக் கொல்வதற்கென்றே அந்தச் செடி தனக்குள் வைத்திருக்கும் விஷம் அது. ஒரு நாள் காலை, நான்காம் தோலுரிப்பு கடந்த புழுக்களுக்கு இலை போட நான் மனைக்குள் நுழைந்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னை வெளியே நிறுத்தினாள். "புழுவுக்கு ஆகாத கை பேத்தியைத் தூக்குவதற்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது வயது 51. பதில் சொல்லத் தோன்றவில்லை.

பீடி நல்லது, சிகரெட்டுதான் கெட்டது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இலையில் சுற்றியது, தூள் கொஞ்சம், நாட்டுப் பொருள் என்றெல்லாம் காரணம் சொல்கிறோம். பீடியில் தூள் குறைவு என்பது உண்மையே. ஆனால் அது அடிக்கடி அணைந்துபோவதால் விடாமல் இழுக்க வேண்டியிருக்கிறது. அப்படி இழுக்கும்போது நெஞ்சில் சேரும் தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை. டாக்டர் கஜலட்சுமியும் அவருடன் சேர்ந்தவர்களும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நம் நாட்டில் ஆண்களிடையே காசநோயால் நேரும் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகை காரணமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் கணக்கெடுத்தவர்கள் எங்கோ கடல் கடந்த தேசத்தவர் அல்லர். நம்மைப் போன்ற தமிழ்நாட்டார். 2008-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, பீடி பிடிக்கும் ஆணின் ஆயுளில் சுமார் 6 ஆண்டு குறைகிறது என்று மதிப்பிட்டது. பஞ்சுத் தூசியிலும் நூல் தூசியிலும் பிழைப்பு நடத்தும் நெஞ்சுக்கு இந்தப் பாரம் வேறு வேண்டுமா?

பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களின் கதி என்ன என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு வேறு தொழில் தேடித் தருவது அரசாங்கமும் கூட்டுறவு இயக்கமும் செய்ய வேண்டிய காரியம். அதற்காக என் நுரையீரலை நான் ஈடு வைக்க முடியாது.

இனி முதல் நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். இழுத்த புகையிலுள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளைக்கு ஏறுகிறது. சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அளவில் பாதி குறைந்துவிடுகிறது. குறைந்தவுடன் உடல் மறுபடி கேட்கிறது. பீடி பிடித்தால் மனம் தெளிகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், முந்திய பீடி உண்டாக்கிய தவிப்பைத்தான் பிந்திய பீடி தணிக்கிறது. நிறுத்தியதும் இந்தத் தவிப்பு முதல் மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போகும். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, கவனச் சிதறல், மலச்சிக்கல், அளவுக்கு மிஞ்சிய பசி ஆகிய எல்லாம் வரும். சிலருக்கு முன்னிலும் இருமல் அதிகமாகும். அதைக் கண்டு அஞ்சி, "பீடியை விட்டதால்தான் இருமல் வந்தது" என்று சொல்லித் திரும்பவும் பற்ற வைத்தவர்களை நான் அறிவேன். நுரையீரல் தன்னைத் தானே சுத்தம் செய்யத் தொடங்கும் காலம் அது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இந்த உபத்திரவங்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

இந்த விவரத்தை விடுகிறவர் மட்டுமன்றி வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் நாள் மாலை, தார் சரியாகச் சுற்றவில்லை என்று சொல்லி என் மகனிடம் நான் கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டது. முன்கூட்டியே நான் சொல்லி வைத்திருந்ததால் அவன் பதில் பேசாமல் எழுந்து போனான். பதிலுக்குப் பதில் பேசியிருந்தால் நான் நேரே பெட்டிக்கடைக்குத்தான் போயிருப்பேன்.

நாள் முழுவதும் ஒரே சீராக ஆசை இருப்பதில்லை என்பதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. அது அலை போல் வருகிறது. எழுந்து, சில நிமிஷங்கள் நின்று, தானே இறங்கிவிடுகிறது. அந்தச் சில நிமிஷங்களைக் கடத்திவிட்டால் போதும். நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, "பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கலாம்" என்று எனக்கு நானே தவணை சொன்னேன். ஒரு சொம்பு தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தேன். மூச்சை ஆழ இழுத்து விட்டேன். கைக்கு வேலை கொடுப்பது எல்லாவற்றிலும் நல்ல உபாயம். அறுந்த இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தால் அலை போனதே தெரியாது. மடியில் தீப்பெட்டி இருந்த இடத்தில் கிராம்பும் வறுத்த கொள்ளும் வைத்துக்கொண்டேன்.

ஆசை எழும் வேளைகளும் இடங்களும் ஏறக்குறைய நிச்சயமானவை. நெசவாளிக்குத் தறிக்குழியை விட்டு எழும் நேரம். விவசாயிக்கு மின்சாரம் வரும் வரை மோட்டார்க் கொட்டகையில் காத்திருக்கும் நேரம். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைக் கொட்டிவிட்டு ஏலம் வருவதற்காகக் காத்திருக்கும் நேரம். காத்திருப்பதுதான் பீடிக்குத் தாய் என்பது என் அனுபவம். முதல் மூன்று வாரங்களுக்கு அங்காடிக்கு என் மகனை அனுப்பினேன். தேநீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. புகை பிடிப்பவரின் உடல் தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீனை விரைவாகக் கழித்துவிடும். புகையை நிறுத்தியபின் பழைய அளவிலேயே குடித்தால் அது உடலில் நெடுநேரம் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் உண்டாக்கும். பீடி இல்லாத குறை என்று நாம் எண்ணுவதில் பாதி, மாலையில் குடித்த நான்காவது தேநீரின் வேலையாக இருக்கக் கூடும்.

"சிறிது சிறிதாகக் குறைத்து விடுகிறேன்" என்பவர்களோடு எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. ஐந்து முறை நான் அப்படிக் குறைத்தேன். ஐந்து முறையும் ஒரு கல்யாண வீட்டிலோ இழவு வீட்டிலோ பழைய கணக்கு திரும்பிவிட்டது. 2016-இல் இங்கிலாந்தில் இரு வகையினரையும் ஒப்பிட்டுப் பார்த்த பரிசோதனையிலும், நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்தியவர்களே அதிகமாக வென்றார்கள். குறைத்து விட்டவர்களிலும் வென்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பீடிக்குப் பதிலாகப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வது விடுதலை ஆகாது. வாய்ப்புற்றுக்கு அதுவே வழி. புகைக்குப் பதிலாக வந்த மின் சிகரெட்டை மத்திய அரசு 2019-இல் சட்டம் இயற்றியே தடை செய்துவிட்டது.

மருந்தின் உதவியை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிகோடின் கலந்த சூயிங்கம், 2 மில்லிகிராம் அளவுள்ளது, மருந்துக் கடையில் கிடைக்கும். அதை மிட்டாய் போல மென்று விழுங்கக் கூடாது. சிறிது மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். இருதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். 1800-11-2356 என்ற தேசியத் தொலைபேசி எண்ணுக்குச் செலவின்றிப் பேசலாம். எனக்குப் பயன்பட்டது அங்கே பேசியவரின் பொறுமைதான். மூன்று முறை கூப்பிட்டேன்.

இடையில் ஒரு பீடி பிடித்துவிட்டால் என்ன செய்வது? எட்டாம் நாள் நான் பிடித்தேன், மறைப்பானேன்? பாவில் ஒரு இழை அறுந்தால் நாம் பாவையே வெட்டி எறிவதில்லை. பிணைத்துவிட்டு மிதியை மிதிக்கிறோம். விட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விட்டவர்கள் அல்லர்.

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் டாக்டர்களை 1951 முதல் 50 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட முடிவு இது: 50 வயதில் விட்டவர் சுமார் 6 ஆண்டும், 60 வயதில் விட்டவர் சுமார் 3 ஆண்டும் கூடுதலாக வாழ்கிறார். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு மூன்று ஆண்டு என்பது சிறிய காலமா?

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். நூலும் கடனும் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை, அங்கத்தினரின் சொந்தப் பழக்கத்தில் தலையிடுவது அன்று என்று சிலர் சொல்வார்கள். பீடி, தீப்பெட்டி, அதனோடு சேர்ந்த தேநீர் என்று நாளொன்றுக்கு நான் செலவிட்டது 40 ரூபாய். ஆண்டுக்கு 14,600 ரூபாய். அதே சமயம் சங்கத்துக்குத் தவணை பாக்கி வைத்திருந்தவனும் நான்தான். இதைச் சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எப்படிச் சொல்வது?

சட்டத்தால் ஆகக் கூடியது ஓரளவுதான். பொது இடங்களில் புகை பிடிப்பதற்கு நாடெங்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாக்கப்பட்டன. 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. நம் பலகையும் அந்தச் சட்டத்தின் பிள்ளைதான். மதுவிலக்கு 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசாங்கத்தால் முதன்முதலில் தொடங்கப்பட்டது சேலம் ஜில்லாவில்; தருமபுரி அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. கள்ளுக்கடையை மூடியதோடு அன்று நின்றுவிடவில்லை. மாலைப் பொழுதைக் கழிக்க மக்களுக்கு வேறு வழிகளும் வேண்டும் என்று எண்ணி அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். அந்த எண்ணத்தைத்தான் நான் இப்போது கேட்கிறேன்.

விட நினைக்கும் அங்கத்தினர்கள் ஒரே நாளைக் குறித்து இருவர் இருவராக விட வேண்டும். ஒருவருக்கு அலை எழும்போது மற்றவரைத் தேடிப் போகலாம். அந்த மூன்று வாரத்துக்குக் கூலி நாளன்று கிடங்கின் முன் வரிசையில் நிற்க வைக்காமல் அவர்களுக்கு முதலில் கணக்கு முடித்து அனுப்பலாம். மோரும் பானகமும் வைக்கச் சங்கத்துக்கு ஆகும் செலவு அற்பம். கூலிப் பணத்தில் பீடிக்குப் போனது சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்குக் காரியதரிசி அவ்வாறே பிடித்தம் செய்து தரலாம். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியிருக்கிறேன். வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும். அவர் இன்னும் பீடி பிடிப்பவராக இருந்தாலும் எனக்குச் சம்மதமே.