பொருந்துவது வேறு, பொருத்தமானது வேறு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை ஒரு வரப்பிரசாதம். கதவுக் கைப்பிடி, ஹாரன், ஹெட்லைட் வளையம் என்று எதைத் தேடிப் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஆனால் பிரேக் சாமான் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்ன வண்டியுடையது, இன்ன அளவு என்று உறுதியாகத் தெரியாத எதையும் வண்டியில் மாட்டக்கூடாது.

"எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டா உட்கார்ந்துடும்" என்பார்கள். உட்காரும்தான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

வீல் சிலிண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் அங்குலப் போர் உள்ளதும் 7/8 அங்குலப் போர் உள்ளதும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விட்டத்தில் வித்தியாசம் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஆயில் தள்ளும் பரப்பைக் கணக்கிட்டால் பெரியது சுமார் 36 சதவீதம் அதிகம். அந்த அளவுக்கு ஷூவை அழுத்தி டிரம்மைப் பிடிக்கும். இடது சக்கரத்தில் ஒன்றும் வலது சக்கரத்தில் இன்னொன்றுமாக மாட்டினால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது மரை. 1961 முதல் நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் பிரேக் பைப் யூனியன் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக் வண்டிகளில் 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பரவலான அளவு. முதலாவதை இரண்டாவதில் திருகினால் லொடலொடவென்று ஏறும். இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். ஓங்கி மிதிக்கும் நாளில் பிடுங்கிக்கொண்டு வரலாம்.

ஆகவே பெயர் தெரியாத சிலிண்டர் கையில் கிடைத்தால் முதலில் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் போர் அளவும் பார்ட் நம்பரும் பல சமயம் தெரியவரும். அதையும் நம்பிவிடாமல் வெர்னியரால் அளந்து பாருங்கள். உங்கள் வண்டியின் யூனியனைக் கையால் திருகி, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் துளைகளின் இடைவெளியைக் கம்பெனி பார்ட்ஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். நான்கில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அது அலமாரிக்குத்தான். எல்லாம் ஒத்துவந்தாலும் உள்ளே போகும் ரப்பர் கப்புகள் புதிதாகவே இருக்கட்டும். ஹோஸைப் பழசாக வாங்கவே வேண்டாம்.

"புது சாமான் கிடைக்காதே, என்ன செய்வது?" என்று கேட்பது நியாயம்தான். என் யோசனை இது: போர் அரித்துப்போயிருந்தாலும் உங்கள் வண்டியின் சொந்த சிலிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் அளவு நமக்குத் தெரியும். விஷயம் தெரிந்த லேத்காரரிடம் கொடுத்தால் உள்ளே ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவந்து தருவார். ஊர் பேர் தெரியாத சிலிண்டரைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. நம் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் பிரேக்குக்கு ஒரே ஆயில் சுற்றுதான். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் போய்விடும். எஞ்சின் நின்றால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளலாம். பிரேக் பிடிக்காவிட்டால் அதற்கான விலையைக் கொடுப்பது நாமாக இருக்காது. எதிரே சாலையைக் கடக்கும் யாரோ ஒருவராக இருக்கும்.