ஊர் தெரியாத சிப்பி

தமிழகத் தலயாத்திரை சென்று திரும்பிய கொட்டாஞ்சேனை நண்பரொருவர், திருநீற்றுப் பொட்டலத்துடன் ஒரு கல்லையும் நம்மிடம் தந்தார். அரியலூர்ப் பக்கத்திலே ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்ற சுண்ணாம்புக்கல் லொறியிலிருந்து விழுந்ததாம். கல்லின் மூலையில் புளியங்கொட்டையினும் சற்றுப் பெரிய சிப்பியொன்று துருத்திக்கொண்டிருந்தது.

“வெள்ளவத்தைக் கடற்கரையிலே கிடக்கிற மட்டிதானே, அப்பா!” என்றாள் நம் மகள்.

மட்டியன்று. மட்டியின் ஓடுகள் இரண்டும் இடமும் வலமுமாக அமைந்தவை. அவற்றுள் ஒன்றை எடுத்து நடுவே கோடு கிழித்தால் இரு பாதியும் ஒவ்வா. பிராக்கியோபோடு எனப்படும் இவ்வுயிருக்கோ ஓடுகள் மேலும் கீழுமானவை. ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஆயினும் ஒவ்வோர் ஓட்டிலும் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருக்கும். பெரிய ஓட்டின் அலகிலே ஒரு துளை. அதன் வழியே காம்பொன்றை நீட்டிப் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தது. பண்டை உரோமரின் எண்ணெய் விளக்கை ஒத்திருத்தலால் ஆங்கிலேயர் இதனை விளக்குச் சிப்பி என்பர்.

அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்தவை. தென்னிந்தியாவின் இத்தகைய உயிர்ச்சுவடுகளை 1846இல் எட்வேட் போர்ப்ஸ் விவரித்தார். பின்னர் மொராவியாவிற் பிறந்த பேர்டினந்து ஸ்டோலிக்ஸ்கா, கல்கத்தாவிலிருந்து பணியாற்றி, 1873 அளவில் நான்கு பெருந்தொகுதிகளை முடித்தார். மறு ஆண்டே, 36 வயதில், லடாக்கில் மாண்டார். அம்மொனைற்று இனமொன்றுக்கு அவர் அரியலூரின் பெயரையே இட்டார். இலத்தீன் உருவில் அவ்வூர் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

ஓர் இனத்தை விவரிப்பது எளிதன்று. நீளம், அகலம், தடிப்பு, வரிகள், விளிம்பின் வளைவு யாவும் குறிக்கவேண்டும். புறத்தோற்றம் ஏமாற்றுமாதலால் உள்ளமைப்பையும் காணவேண்டும். அதற்காகச் சிப்பியைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்பிலும் தெரிவதை வரைந்துகொள்வர். படம் முடிகையிற் சிப்பி இராது!

இத்தனைக்கும் முன்னே வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு: எந்த ஊர், எந்தப் பாறைப் படை என்று. கல்கத்தாவில் அமர்ந்தவர் தென்னாட்டுச் சிப்பிகளுக்கு வரலாறு எழுத முடிந்தது, சேகரித்தோர் ஊர்ப்பெயரைக் குறித்து வைத்தமையால்.

நம் சிப்பிக்கு அச்சீட்டு இல்லை. அரியலூரைச் சுற்றிச் சீமெந்துக்காகக் கல்லகழும் சுரங்கங்கள் பல. லொறி எதிலிருந்து வந்ததோ? கல்லைப் பெற்ற அன்றே கேட்டிருக்க வேண்டும், நமக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய் நண்பரைக் கேட்டோம். தேநீரின் விலை அவருக்கு நினைவிருந்தது. சீனி கூடிப்போனதும் நினைவிருந்தது. லொறி எத்திசையிலிருந்து வந்ததென்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை.